வியட்நாம்: வர்த்தகத் தொகை உள்நாட்டு உற்பத்தியை விஞ்சுவது ஏன்?

வியட்நாமின் ஏற்றுமதி, இறக்குமதிக் கூட்டுத்தொகை அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிடப் பெரிதாக வருவது கணக்குப் பிழையன்று. வர்த்தகம் பொருளின் முழு விலையில் அளக்கப்படுகிறது; உற்பத்தியோ உள்நாட்டில் புதிதாகக் கூட்டிய மதிப்பில் மட்டுமே அளக்கப்படுகிறது.

பக் நின், தாய் நுயென் மாகாணங்களிலுள்ள சாம்சங் ஆலைகளைப் பாருங்கள்: தென் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் உதிரிபாகங்கள் இறக்குமதியில் ஒருமுறை பதிவாகி, கைபேசியாகக் கப்பலேறும்போது ஏற்றுமதி விலைக்குள் மறுபடியும் புகுந்துவிடுகின்றன.

இதைச் சரிபார்க்க, ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் மதிப்புக்கூட்டு வர்த்தக (TiVA) அட்டவணையில் ஏற்றுமதிக்குள் அடங்கிய உள்நாட்டு மதிப்பை எடுத்து, அதே ஆண்டின் உற்பத்தியால் வகுங்கள். ஏற்றுமதியின் முழு விலையை வகுத்தால் வருவதைவிட விகிதம் வெகுவாக இறங்கும். அட்டவணை சில ஆண்டுகள் பின்தங்கியே வெளிவருவதால், அண்மை ஆண்டின் உற்பத்தியோடு கலந்துவிட வேண்டாம்.

அந்த ‘உள்நாட்டு’ மதிப்பிலும் அயல்நாட்டு முதலாளியின் லாபம் அடக்கம். பலரும் கோட்டைவிடும் இடம் இதுவே.