டெம்பரேச்சர் கன்னின் சிவப்புப் புள்ளி பேரிங் மேல்தான் விழுகிறது, ஆனாலும் அளவு ஏன் மாறி மாறிக் காட்டுகிறது?

எட்ட நின்று அடித்தால் ஒரு அளவு, கிட்டப் போய் அடித்தால் வேறு அளவு, புள்ளி இரண்டு முறையும் சரியாகத்தான் விழுந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோகஸ் செய்வது என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் லேசர். அது எதையும் அளப்பதில்லை, வழி காட்ட வைத்த விளக்கு, அவ்வளவுதான். அளப்பது, பக்கத்தில் இருக்கும் லென்ஸ் வழியாக வெப்பக்கதிரை வாங்கும் சென்சார். அதற்குத் தெரிவது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் கலந்து ஒரே எண்ணாக வரும்.

கடலூர் சிப்காட்டில் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். ஒரு நைட் ஷிஃப்டில் பம்ப் மோட்டார் பேரிங்கை நடைமேடைக் கம்பியைப் பிடித்தபடி மூன்று மீட்டர் தள்ளி நின்று அடித்தேன். 51 டிகிரி. லாக் புக்கில் எழுதிவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த ஃபிட்டர் அண்ணன், "தம்பி, கிட்ட போய் ஒருதடவ பாரு, சத்தம் சரியில்ல" என்றார். இறங்கிப் போய் 40 சென்டிமீட்டரில் வைத்து அடித்தேன். 76. கிரீஸ் காய்ந்து போயிருந்தது. கையில் இருந்தது 12:1 கன். அதாவது 12 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டம். மூன்று மீட்டரில் அது 25 சென்டிமீட்டர். பேரிங் ஹவுசிங்கின் அகலமோ 12 தான். வட்டத்தில் கால் பங்குகூட பேரிங் இல்லை, மிச்சமெல்லாம் மோட்டார் பாடியும் பின்னால் இருந்த சுவரும். கிட்டப் போனதும் வட்டம் மூன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கி, முழுக்க பேரிங் மேல் உட்கார்ந்துவிட்டது.

உங்கள் கன்னின் பக்கவாட்டில் இந்த விகிதம் அச்சடித்திருக்கும். நிற்கும் தூரத்தை அதால் வகுத்தால் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். அளக்கும் பொருள் அந்த வட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கும்படி நில்லுங்கள். வட்டத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல முடிவதில்லை, வெளியிலிருந்தும் கொஞ்சம் வெப்பக்கதிர் உள்ளே வரும்.

ரொம்பக் கிட்டப் போனால் இன்னொரு சிக்கல். ஒற்றை லேசர் உள்ள கன்களில் லேசர் லென்ஸுக்கு மேலே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 30 சென்டிமீட்டரில் 12:1 வட்டத்தின் ஆரமே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். ஆக, புள்ளி வட்டத்துக்கு வெளியே விழுந்தாலும் விழும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். துரு ஏறிக் கறுத்த பெரிய போல்ட் ஒன்றை அடுப்பில் சுடவைத்து, இடுக்கியால் எடுத்துச் செங்கல் மேல் வையுங்கள். ட்ரிகரை விடாமல் கன்னை மெதுவாக இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ் நகர்த்துங்கள். அளவு உச்சம் தொடும்போது சிவப்புப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அனேகமாக போல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். அந்த இடைவெளியை மனதில் வைத்துக் குறிபாருங்கள். நான் புதுக் கன் கைக்கு வந்தால் முதலில் செய்வது இதுதான்.

பளபளப்பான அலுமினிய உறை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் மேலெல்லாம் எவ்வளவு சரியாகக் குறிவைத்தாலும் அளவு குறைவாகத்தான் வரும். கண்ணாடி மாதிரி சுற்றுப்புறத்தைத்தான் அவை காட்டும். கறுப்பு டேப் ஒட்டி, கன்னில் எமிசிவிட்டியை, அதாவது பரப்பு வெப்பக்கதிரை வெளிவிடும் திறனை, 0.95 என்று வைத்து டேப் மேல் அளங்கள். 80 டிகிரிக்கு மேல் சாதாரண டேப் இளகும், அங்கே சூடு தாங்கும் மேட் கறுப்பு பெயிண்ட்.

ஃபோகஸ் என்பது பெரும்பாலும் கைக்கன்னில் கிடையாது. உலைகளில் நிரந்தரமாக மாட்டும் பைரோமீட்டர் என்ற வெப்பமானியில்தான் அந்த வேலை. புதுச்சேரிப் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் அதைப் பழகினேன். ஐபீஸில் கண்ணை வைத்தால் நடுவில் சிறு வட்டக்குறி தெரியும். முதலில் ஐபீஸைத் திருகிக் குறியைக் கூர்மையாக்க வேண்டும். பிறகு லென்ஸை நகர்த்தி, சிவந்த பில்லட்டின், அதாவது உருட்டப் போகும் இரும்புக் கட்டையின், விளிம்பைக் கூர்மையாக்க வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, கண்ணை மட்டும் லேசாக இடவலம் ஆட்டுங்கள். பில்லட் மேல் குறி நகராமல் ஒட்டியே இருந்தால் ஃபோகஸ் சரி. நகர்ந்தால் இன்னும் கொஞ்சம் திருக வேண்டும். பெரிய உலைச் சுவரைப் பார்ப்பதானால் ஃபோகஸ் சற்றுப் பிசகினாலும் பெரிய வித்தியாசம் வராது. பத்து சென்டிமீட்டர் பில்லட்டில் அப்படி இல்லை, வட்டம் ஓரத்துக்கு வெளியே வழிந்தால் அளவு இறங்கிவிடும். பில்லட் மேல் உரியும் செதில் உள்ளே இருப்பதைவிட ஆறியிருக்கும், அதனால் உச்ச அளவைப் பிடித்து வைக்கும் பீக் ஹோல்டையும் போட்டுவிடுவோம். பைரோமீட்டர் உலைக்குள் பார்க்கும் குழாயின் விளிம்பு வட்டத்தை மறைத்தாலும் அளவு குறையும், அதைச் சுற்றிலும் பாருங்கள். உலையின் கண்ணாடி வழியாக உங்கள் கைக்கன்னை மட்டும் நீட்டாதீர்கள். 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிரைப் பார்க்கும் கன்னுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர், கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

நம் ஊர்க் கடல் காற்றையும் மறக்கக் கூடாது. உப்பும் தூசியும் லென்ஸில் படிந்தால் அளவு குறையும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். ஏசி கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்துவந்த கையோடு அடிக்காதீர்கள். லென்ஸில் பனி படியும், உள்ளே சென்சாரும் வெளிச்சூட்டுக்குப் பழக வேண்டும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

கன்னில் அச்சடித்த விகிதம், நீங்கள் நிற்கும் தூரம், பேரிங் ஹவுசிங்கின் அகலம் மூன்றையும் கீழே எழுதினால், எங்கே நின்று அடிப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.