10 கிராம் காசை 916 ஆக்க எவ்வளவு செம்பு? பத்தர் சொன்னதுதான் சரி

கேள்வி இதுதான்: கையில் 10 கிராம் 999 தங்கக் காசு, அதாவது 99.9 சதவீதம் சுத்தம். மதுரைப் பத்தரிடம் 916 (91.6 சதவீதம் சுத்தம்) வளையல் செய்யக் கொடுக்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி கலப்பு 8.4 சதவீதம், அதாவது 0.84 கிராம். பத்தர் 0.9 கிராம் போடணும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. அந்த 8.4 சதவீதம், உருக்கி முடித்த கட்டியின் மொத்த எடைக்கு உண்டானது. நீங்கள் அதைக் காசின் எடைக்குப் போட்டுவிட்டீர்கள். கலப்பு எவ்வளவு சேர்த்தாலும் சுத்தத் தங்கம் கூடாது, குறையாது. அதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 10 கிராம் 999 காசில் சுத்தம் 9.99 கிராம். அதை 0.916 ஆல் வகுத்தால் 10.906. ஆக, சேர்க்க வேண்டியது 0.906. பத்தர் ஒரு மயிரிழை குறைத்து 0.9 என்கிறார், அப்போது தரம் 91.65 வரும். 916க்குக் கீழே இறங்கினால் ஹால்மார்க் கிடைக்காது, அதனால்தான் அந்த எச்சரிக்கை. காசு 995 என்றால் கணக்கே வேறு: 0.862 போதும். காசின் மேல் அடித்திருக்கும் எண்ணை முதலில் பாருங்கள்.

கலப்பு கூடக் கூட இந்தத் தப்பு பெரிதாகும். 78க்கு 22 வெண்கலம் வார்க்க 10 கிலோ செம்புக்கு 2.2 கிலோ வெள்ளீயம் போட்டால் 18 சதவீதம்தான் நிற்கும். போட வேண்டியது 2.82 கிலோ.

அந்த 0.9 கிராம் முழுக்கச் செம்பாக இருந்தால் நகை சிவப்படிக்கும். பாதி வெள்ளி போட்டால் மஞ்சள் தூக்கும். தரம் இரண்டிலும் ஒன்றே. செம்பு சுத்தமான கம்பியாக இருக்கணும். பற்று வைத்த பழைய ஒயரை உரித்துப் போட்டால் அதில் ஒட்டிய ஈயம் துளி போதும், தகடு இழுக்கும்போதே வெடிக்கும். எடை போடும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்; மில்லிகிராம் தராசு காற்றுக்கே ஆடும்.

பழைய நகையைச் சேர்த்து உருக்குகிறவர்களுக்கு இன்னொன்று. 80 சதவீதத்தில் 12 கிராம் பழசு இருக்கிறது, 916க்கு ஏற்றணும் என்றால் எவ்வளவு 999 வேண்டும்? 999இல் 91.6க்கு மேலே 8.3 மீதம் (99.9 − 91.6), பழசில் கீழே 11.6 பற்றாக்குறை (91.6 − 80). 12 × 11.6 ÷ 8.3 = 16.77 கிராம். பலர் நாலைந்து கிராம் போதும் என்று நினைத்து வருவார்கள்.

மெஷினில் தரம் பார்க்கும்போது ஒரு ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். எக்ஸ்ரே அடித்துத் தரம் பார்க்கும் அந்த எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். திராவகத்தில் வெளுத்த நகையின் மேல்பரப்பில் செம்பு கரைந்து போயிருக்கும், எண் கூடுதலாகக் காட்டும்.

பத்தர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எல்லாரும் யோக்கியர் என்று சொல்லவில்லை. சரிபார்க்க வழி இருக்கிறது: வளையல், வெட்டுத்துண்டு, அரத்தூள் மூன்றையும் சேர்த்து நிறுத்து, 0.916 ஆல் பெருக்குங்கள். 9.99ஐ ஒட்டி வரணும். உருக்கில் கொஞ்சம் போகும்; எவ்வளவு போகும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடங்களில் தரம் குறைந்த பற்றுப்பொடி போட்டால் மொத்தமும் இறங்கும், அதையும் கேளுங்கள்.

60 மில்லிகிராம் செம்புக்குப் பத்தரைச் சந்தேகிக்கிற நாம்தான், தெற்கு ஆவணி மூல வீதியோ வேறெங்கோ, ஏசி போட்ட கடையில் 18 சதவீதம் சேதாரம் என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம். 10 கிராம் நகைக்கு அது 1.8 கிராம் தங்கத்தின் விலை. நிஜத்தில் விழும் தூளைப் பட்டறையில் கூட்டி அள்ளி மறுபடி உருக்கிக்கொள்கிறார்கள். வராத சேதத்துக்குக் காசு, அந்தக் காசுக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். கல் வைத்த நகை என்றால், கல் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் சேதாரம் போட்டிருக்கிறார்களா என்றாவது பில்லில் பாருங்கள்.