விருந்தினரா, வேலையாளா? ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினப் பயணிகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடன் பணிபுரியும் கென்ய நாட்டுத் தோழியும் அவருடைய கணவரும் சென்ற ஆண்டு விடுமுறைக்கு நமீபியாவுக்கும் அங்கிருந்து கேப் டவுனுக்கும் போய் வந்தார்கள். நமீபியாவில் ஒரு சஃபாரி விடுதியின் வரவேற்பறைக்குள் நுழைந்ததுமே, "ஓட்டுநர்களுக்கான அறைகள் பின்புறம் இருக்கின்றன" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கேப் டவுனில் ஓர் உணவகத்தில், கடலைப் பார்த்த மேசைகள் காலியாகக் கிடக்க, சமையலறைக் கதவை ஒட்டிய மேசையைக் காட்டினார்களாம். கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் கறுப்பினப் பயணிகளுக்கு இப்படி நேருமா? அவர்கள் சற்று மிகையாக எடுத்துக்கொண்டார்களோ என்றும் தோன்றுகிறது.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவர்கள் மிகைப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். தோழி சொன்ன முதல் நிகழ்ச்சியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அப்பகுதியின் சஃபாரி விடுதிகள் பலவற்றில், சுற்றுலாக் குழுக்களை அழைத்துவரும் வழிகாட்டிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் எனத் தனி அறைகள், விருந்தினர் அறைகளைவிடக் குறைந்த வசதியுடன், சற்று ஒதுக்குப்புறமாக இருக்கும். வண்டியிலிருந்து இறங்கும் கறுப்பர் ஓட்டுநராகவும் வெள்ளையர் விருந்தினராகவும் இருப்பதையே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய வரவேற்பாளர், முன்பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே பின்புறத்தைக் கைகாட்டிவிடுகிறார். அவருடைய மனத்தில் வன்மம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால், மாதக்கணக்கில் பணம் சேர்த்து, முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே செலுத்திவிட்டு வந்தவருக்கு அந்த விடுமுறை அங்கேயே பாதி கெட்டுப்போகிறது.

இந்தப் பழக்கம் தானாக முளைத்ததன்று, சட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 1953-இல் இயற்றப்பட்ட தனித்தனி வசதிகள் சட்டம், கடற்கரை, பூங்கா, பேருந்து, கழிப்பறை, அஞ்சலகத்தின் நுழைவாயில் வரை அனைத்தையும் இனவாரியாகப் பிரிக்க அதிகாரம் அளித்தது. அவ்வாறு பிரிக்கப்பட்ட வசதிகள் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் அந்தச் சட்டம் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தது. குரூகர் தேசியப் பூங்காவில் வெள்ளையர் அல்லாத பயணிகளுக்கென நெடுங்காலம் இருந்தது பாலுலே எனும் சிறிய முகாம்தான். மற்ற முகாம்களில் கறுப்பர் இருந்தார்கள், ஆனால் சமைப்பவராக, படுக்கை விரிப்பவராக, விறகு சுமப்பவராக. இந்தச் சட்டம் 1990 அக்டோபரில் நீக்கப்பட்டது. 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகளைக் கழற்ற ஒரு நாள் போதும், நிலத்தின் உரிமை அவ்வளவு விரைவில் கைமாறாது. 2017-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட நிலத் தணிக்கையின்படி, தனிநபர்களுக்குச் சொந்தமான வேளாண் நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம் இருந்தது. 2022 கணக்கெடுப்பில் அவர்கள் மக்கள்தொகையில் 7.3 விழுக்காட்டினர். பண்ணை விடுதி, திராட்சைத் தோட்ட விருந்தகம், தனியார் வனவிலங்குக் காப்பகம் ஆகியவை எல்லாம் அமைந்திருப்பது இத்தகைய நிலத்தில்தான். ஆகவே உரிமையாளரும் மேலாளரும் வெள்ளையர், வழக்கமான வாடிக்கையாளர் ஐரோப்பியர், பணியாளர் கறுப்பர் என்ற அமைப்பு, எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமலே இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமீபியாவின் கதை இன்னும் கசப்பானது. ஜெர்மானியக் குடியேற்ற நாடாக இருந்தபோது, 1904 முதல் 1908 வரை அங்கே ஹெரேரோ, நாமா மக்கள் இனப்படுகொலைக்கு ஆளாயினர். பின்னர் தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்து, 1990 மார்ச் 21 அன்றுதான் நாடு விடுதலை பெற்றது. ஜெர்மானிய ரொட்டிக் கடைகளுக்காகச் சுற்றுலாக் கையேடுகள் கொண்டாடும் சுவாகோப்முண்ட் நகரத்தில் ஹெரேரோ மக்களை அடைத்துவைத்த சிறைமுகாம் இருந்தது. அந்த மக்களுக்கு எதிராகப் போரிட்ட ஜெர்மானியக் கடற்படை வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னமும் அதே ஊரின் நடுவில் நிற்கிறது. அதைக் கடந்துதான் ஒரு கறுப்பினப் பயணி காப்பி குடிக்கப் போகிறார்.

இவை எல்லாம் பழங்கதை என்று சொல்லிவிட இடமில்லை. 2016 புத்தாண்டு வேளையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகள் என்று ஒரு வெள்ளையினப் பெண்மணி ஃபேஸ்புக்கில் எழுதினார். பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் அவருக்கு 1,50,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) அபராதம் விதித்தது. 2018 டிசம்பர் 23 மாலையில் கேப் டவுனின் கிளிஃப்டன் நான்காம் கடற்கரையில், தனியார் காவலர்கள் மக்களை வெளியேறச் சொன்னார்கள். அது பொதுக் கடற்கரை. அங்கிருந்து யாரையும் அகற்றும் அதிகாரம் தனியாருக்கு இல்லை. எல்லா இனத்தவரையும்தான் வெளியேறச் சொன்னோம் என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது. ஆனால், ஒரு காலத்தில் தங்கள் பெற்றோர் கால் வைக்க முடியாதிருந்த மணலிலிருந்து மீண்டும் விரட்டப்பட்டதாகக் கறுப்பின மக்கள் கொதித்தார்கள். போராட்டக்காரர்கள் அதே கடற்கரையில், இனவெறியைக் கழுவும் சடங்காக ஓர் ஆட்டைப் பலியிட்டார்கள். 2022 கிறிஸ்துமஸ் நாளன்று, புளூம்ஃபொண்டைன் அருகே மாசல்ஸ்பூர்ட் என்ற விடுமுறை விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினச் சிறுவர்களை வெள்ளையர் சிலர் தாக்கும் காணொளி நாடெங்கும் பரவி, அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது.

உணவக மேசை விஷயத்துக்கு வருகிறேன். அதை யாராலும் மெய்ப்பிக்க முடியாது. அந்த மேசைகளுக்கு முன்பதிவு இருந்திருக்கலாம், பணியாள் சோம்பேறியாகவும் இருந்திருக்கலாம். உங்கள் தோழிக்கும் இது தெரியும். "இது நம் நிறத்தால் நேர்ந்ததா, தற்செயலா" என்று ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டே இருப்பதுதான் இத்தகைய பயணத்தின் உண்மையான களைப்பு. பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அந்த வேலை இல்லை.

கேள்வி: அங்கே கறுப்பினப் பரிசாரகர்களே வெள்ளையரை விழுந்து விழுந்து கவனித்துவிட்டு, தம் இனத்தவரைக் காக்கவைக்கிறார்கள் என்று படித்தேன். இதற்கும் வெள்ளையரையா குறை சொல்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கேள்வியில் குத்தல் இருக்கிறது, இருந்தாலும் நீங்கள் படித்தது உண்மைதான். கறுப்பினப் பயணிகள் அதிகம் மனம் வெதும்பிச் சொல்வதும் இதைத்தான். தென்னாப்பிரிக்க உணவகங்களில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு டிப்ஸ் வைப்பது வழக்கம், பரிசாரகரின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. கறுப்பர் டிப்ஸ் வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்தத் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையால் பரிசாரகர் தாமதமாக வருகிறார், தாமதமாக வந்தவருக்கு டிப்ஸ் குறைகிறது, குறைந்ததைப் பார்த்து நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. வெள்ளை நண்பருடன் சாப்பிடப் போன கறுப்பினப் பெண்மணி தம் வங்கி அட்டையை மேசைமீது எடுத்து வைத்த பிறகும், கட்டணச் சீட்டு நண்பரின் முன்னால் வைக்கப்படுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த காட்சி. குடியிருப்பு வளாக வாயிலில் வெள்ளையரின் காருக்குத் தடுப்பை உடனே தூக்கிவிட்டு, கறுப்பரின் காரை நிறுத்திப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கும் காவலரும் கறுப்பர்தான்.

யாரைக் குறை சொல்வது என்றால், முதலில் முதலாளியைச் சொல்வேன். விருந்தினர் என்பவர் எப்படி இருப்பார் என்பதை அந்தப் பணியாளருக்குக் கற்றுக்கொடுத்தது அவர் நடத்தும் இடம். பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் அவர் பொறுப்பு.

கேள்வி: இன ஒதுக்கல் காலத்தில் வெளிநாட்டுக் கறுப்பர்கள் அங்கே பயணம் செய்ய முடிந்ததா? மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர்கள் போனார்களே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: போனார்கள், அதற்குப் பெரிய விலையும் கொடுத்தார்கள். 1983-இல், தென்னாப்பிரிக்காவுடன் விளையாடக் கூடாது என்ற தடையை மீறி லாரன்ஸ் ரோ தலைமையில் சென்ற கலக அணியினருக்கு 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதி வழங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அந்தச் சொற்களை இன்று தட்டச்சு செய்யவே கை கூசுகிறது. அந்தத் தகுதியின் மதிப்பு என்ன என்பது வேகப்பந்து வீச்சாளர் காலின் கிராஃப்ட், வெள்ளையருக்கு மட்டுமான ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தபோது தெரிந்தது. நடத்துநர் அவரை இறக்கிவிட்டார். சொந்த நாட்டுக் கிரிக்கெட் வாரியமோ கலக அணியினர் அனைவருக்கும் வாழ்நாள் தடை விதித்தது. அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கு விசா பலமுறை மறுக்கப்பட்டு, 1973-இல்தான் கிடைத்தது. சில உயர்தர ஹோட்டல்களுக்கு 'சர்வதேசத் தகுதி' கொடுத்து, எல்லா இனத்தவரையும் தங்கவைக்க அனுமதித்தது 1975 முதல். வெளிநாட்டாரின் கண்ணுக்கு நாடு சற்று நல்லதாகத் தெரிய வேண்டுமே!

கேள்வி: நைஜீரியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்து செல்பவர்களின் அனுபவமும் இதேதானா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை, அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் வாயைத் திறந்து பேசியதும் அவருடைய உச்சரிப்பே அவரை மரியாதைக்குரிய வாடிக்கையாளராக்கிவிடுவது உண்டு. லாகோஸிலிருந்தோ ஹராரேயிலிருந்தோ வந்தவரின் உச்சரிப்பு நேர்மாறான வேலையைச் செய்கிறது. 'மக்வெரெக்வெரெ' என்று ஏளனமாக அழைக்கப்படும் அவர்கள், வேலையைப் பறிக்க வந்தவர்களாகவே பார்க்கப்படுகிறார்கள். 2008 மே மாதம் வெளிநாட்டவருக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவில் வெடித்த வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். யார் அந்நியர் என்பதை முடிவு செய்ய அந்தக் கும்பலுக்குத் தோற்றமும் பேச்சும் போதுமானவையாக இருந்தன. 2012 மார்ச்சில், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று சரியில்லை என்று 125 நைஜீரியர்களை ஜோஹானஸ்பர்க் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். நைஜீரியாவும் தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கவே, தென்னாப்பிரிக்க அரசு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கென்யர்கள் 2023 முதல் விசா இல்லாமல் தென்னாப்பிரிக்கா செல்ல முடிகிறது என்பதைக் கோவை வாசகி தம் தோழியிடமிருந்தே அறிந்திருப்பார்.

கேள்வி: டர்பனில் உள்ள உறவினரைப் பார்க்கக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். தமிழர்களுக்கும் இத்தகைய சிக்கல் உண்டா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: டர்பனில் உங்களை யாரும் புதிதாகப் பார்க்கமாட்டார்கள், 1860 முதல் நம்மவர் வாழும் ஊர் அது. ஆனால் அங்குள்ள பெரியவர்களிடம், அந்தக் காலத்தில் ஜோஹானஸ்பர்க்குக்குக் காரில் எப்படிப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வழியில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைக் கடக்க வேண்டும். 1891-இல் போடப்பட்ட ஒரு சட்டத்தால் அந்த மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்க முடியாது. 1986-இல்தான் அது நீங்கியது. வழியிலுள்ள ஹாரிஸ்மித் போன்ற ஊர்களில் விடுதியும் கிடைக்காது, உணவக வாசலும் திறக்காது என்பதால், ரொட்டியும் கறியும் கட்டிக்கொண்டு, குடுவையில் தேநீர் நிரப்பிக்கொண்டு, இரவோடு இரவாக அந்த நிலப்பரப்பைக் கடந்த குடும்பங்கள் ஏராளம். கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தச் சாலை அதைவிடவும் கடுமையாக இருந்தது. இன்று அங்குள்ள இந்திய வம்சாவளிக் கடைக்காரர்களில் சிலர், கறுப்பின வாடிக்கையாளர் நுழைந்ததும் பின்னாலேயே ஆள் அனுப்புவதாகப் புகார்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: அவமதிக்கப்பட்ட பயணி என்ன செய்யலாம்? விடுமுறைக்குப் போன இடத்தில் வழக்குப் போட முடியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியும். தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி அமைந்த சமத்துவ நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே புகார் அளிக்கக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. பாகுபாடு நடந்ததற்கான முதற்கட்டச் சான்றை நீங்கள் காட்டிவிட்டால், அது நியாயமற்ற பாகுபாடு அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேரும். மனித உரிமைகள் ஆணையத்துக்கும் எழுதலாம். நமீபியாவில் 1991-இலேயே இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கிய சட்டம் வந்துவிட்டது. அங்கே காவல் நிலையத்தை அணுகலாம்.

அனுமதி வழங்கும் உரிமை நிர்வாகத்துக்கே என்ற பலகை தென்னாப்பிரிக்க உணவகங்களின் வாசலில் மிகச் சாதாரணமாகத் தொங்கும். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை வெளியேற்ற அது உதவலாம். இனத்தைக் காரணமாக வைத்து யாரையும் நிறுத்த அது எந்த அதிகாரமும் தராது. எனவே அந்தப் பலகையைக் காட்டினால் பின்வாங்க வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சின் தொனி மாறிவிடும். நாள், நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே குறித்துவைத்து, கட்டண ரசீதையும் முன்பதிவு மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். உடனிருந்து பார்த்த வேறொரு விருந்தினரின் தொலைபேசி எண்ணும் கையில் இருந்தால், புகாரை ஊர் திரும்பிய பின்னரும் எழுதி அனுப்பலாம்.