ரீஃப் (பவளப்பாறை) கடல்நீர்த் தொட்டியில் ராட்சதச் சிப்பி: வளர்ச்சி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 6 செ.மீ. டெராசா இன ராட்சதச் சிப்பி வாங்கியிருக்கிறேன். வருடத்துக்கு எவ்வளவு வளரும்?

பதில்: ஒளியும் கால்சியமும் குறையாவிட்டால் 4 முதல் 6 செ.மீ. வரை. மற்ற இனங்களில் மேக்ஸிமா ஏறக்குறைய அதில் பாதி, குரோசியா 1–2 செ.மீ.தான். டெராசா அரை மீட்டர் வரை போகிற இனம், சின்னத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். அளக்கும்போது மேன்டிலை (ஓட்டுக்கு வெளியே விரியும் சதை) விட்டுவிடுங்கள், அது நேரத்துக்கு நேரம் விரிந்து சுருங்கும். ஓட்டின் நீளத்தை மாதம் ஒருமுறை, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், பிளாஸ்டிக் காலிப்பரால் அளங்கள்.

கேள்வி: சார், முதல் வருஷம் நல்லா வளர்ந்துச்சு. இப்ப ஓட்டு விளிம்புல வெள்ளைக் கோடே காணோம். லைட் மாத்தல, தண்ணில சேர்க்கிற கால்சியம், கார்பனேட் டோஸும் மாத்தல.

பதில்: டோஸை மாற்றாததுதான் காரணமாக இருக்கும். அந்த வெள்ளை விளிம்பு புதிதாகப் படிந்த ஓடு. நீளம் 5லிருந்து 10 செ.மீ. ஆனால் எடை சுமார் எட்டு மடங்காகிறது, சுண்ணாம்புத் தேவையும் ஏறிக்கொண்டே போகும். ஆல்கலினிட்டியை (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். 300 லிட்டரில் நாளுக்கு 1 டி.கே.எச். (ஆல்கலினிட்டியின் அலகு) இறங்கினால் ஈடுகட்ட 9 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அதே அளவு ஓடு படிய கால்சியம் வெறும் 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) தான் குறையும். அதனால் கால்சியம் டெஸ்ட்டை மட்டும் நம்பினால் குறைபாடு தெரியவே தெரியாது. 8–9 டி.கே.எச்., கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பி.பி.எம். என்று நிலையாக வையுங்கள். ஆல்கலினிட்டியை ஒரே நாளில் 1க்கு மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நைட்ரேட் பூஜ்யம். ஆனாலும் மேன்டில் வெளிறுகிறதே?

பதில்: பூஜ்யமாக இருப்பதால்தான். மேன்டிலில் வாழும் பாசிக்கு நைட்ரஜன் வேண்டும், அதைச் சிப்பி தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. நைட்ரேட் 2–10, பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவில் இருக்கட்டும். மீன்களுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டினாலே போதும்.

கேள்வி: நம்ம கடல்ல பிடிச்சதுன்னு ஒருத்தர் மேக்ஸிமா தர்றேங்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பண்ணையில் பிறந்ததை, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தம்) ஆவணத்தோடு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, ராத்திரி டார்ச் அடிச்சா ஓட்டடியில அரிசி அளவு வெள்ளை நத்தைங்க இருக்கு.

பதில்: பைரமிடெல்லிட் எனும் ஒட்டுண்ணி நத்தைகள். மேன்டிலில் குத்தி உடல்நீரை உறிஞ்சும், வளர்ச்சி நிற்க இதுவும் ஒரு காரணம். சிப்பியை எடுத்து ஓட்டு மடிப்புகளையும் அடித்துளையைச் (சிப்பி கல்லில் ஒட்டிக்கொள்ளும் நார் வெளிவரும் துளை) சுற்றியும் பழைய டூத்பிரஷால் தேயுங்கள், முட்டைகள் பசை போல் ஒட்டியிருக்கும். துளையின் உள்ளே பிரஷ் படக்கூடாது. நார் கல்லைப் பிடித்திருந்தால் இழுக்காமல் கல்லை ஒட்டிப் பிளேடால் வெட்டுங்கள். இழுத்தால் நார்ச்சுரப்பி கிழிந்து சிப்பி செத்துவிடும். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும், ஆகவே சில வாரங்களுக்கு இரவுச் சோதனையை விடாதீர்கள்.