கௌச்சர் நோய் என்றால் என்ன? ராஸ்கோ பிரேடி என்ன கண்டுபிடித்தார்?

செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் சிறு பைதான் லைசோசோம். கௌச்சர் நோயில், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து, அங்குள்ள ஒரு நொதி குறைந்துவிடும். குப்பை வண்டி வராத தெரு மாதிரி ஒருவகைக் கொழுப்பு தேங்கி, மண்ணீரல் வீங்கும்.

எந்த நொதி என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ராஸ்கோ பிரேடி குழு 1960களின் நடுவில் கண்டறிந்தது. அந்த நொதியை நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்து நோயாளிகளுக்கு ஊசியில் செலுத்தினார்கள்; பலன் சொற்பம். விலாசமில்லாத தபால் அல்லவா! நொதியின் சர்க்கரைச் சங்கிலியைச் சீவி, மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்த பிறகுதான் சேரவேண்டிய செல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1991இல்.

எண்ணெய், நெய்யைக் குறைத்தால் இந்த நோய் சரியாகாது. தேங்கும் கொழுப்பு பெரும்பாலும் பழைய ரத்த அணுக்கள் சிதைவதால் வருவது.