கிளிட்ச் படம் பின்னலில் சப்பையாக வருகிறதா?

பிரதர் கேஹெச்-940 பின்னல் இயந்திரத்தில் கிளிட்ச் படத்தை, அதாவது பழுதான டிவி காட்சியைப் பின்னினால் முகம் நசுங்குகிறது, பின்பக்கம் நூல் விரலில் மாட்டுகிறது என்கிறீர்கள். கோப்பில் தப்பில்லை. திரைப் புள்ளி சதுரம். பின்னல் கண்ணியோ (நூலின் ஒரு வளையம்) உயரத்தைவிட அகலம் அதிகம்.

முதலில் அதே இரண்டு நிற நூலில், 60 கண்ணிக்கு 60 வரிசை மாதிரி பின்னி, அலசி, காயவைத்து அளந்து பாருங்கள். ஒற்றை நிற மாதிரி உதவாது, அளவு மாறிவிடும். 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 40 வரிசை வந்தால் படத்தின் உயரத்தை 1.43 ஆல் (40 ÷ 28) பெருக்குங்கள்: 200×150 படம் 200×214 ஆகும். மூலப் படத்தை நீட்டிய பிறகே கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறமாக்க வேண்டும். மாற்றிவிட்டு நீட்டினால் சில கோடுகள் மட்டும் இரட்டிக்கும். (கிளிட்ச்தானே என்று விட்டுவிடலாம், ஆனால் அது நீங்கள் தேர்ந்த கிளிட்ச் இல்லை.)

ஒரே நிறம் 5 கண்ணிக்கு மேல் தொடர்ந்தால் அடுத்த நிற நூல் பின்னால் தொங்கும். இழுபட்டால் துணியும் சுருங்கும். இடையில் அந்த அடுத்த நிறத்தில் ஒற்றைப் புள்ளி வையுங்கள், வரிசைக்கு வரிசை இடம் மாற்றி. நேர்கீழாக அடுக்கினால் கோடாகத் தெரியும். சிதறினால் டிவி இரைச்சல் போலவே இருக்கும்.