தினமும் தியானம் செய்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையுமா? மனநிலையும் அடுத்தவர் மேல் உள்ள பரிவும் மாறுமா?

ஏதோ ஒரு ஆப் போட்டு மூச்சைக் கவனித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே நிஜமாவே ஏதாவது மாறுதா" என்ற சந்தேகத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாறும். ஆனால் எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. நான் டாக்டர் இல்லை, ஐசியுவில் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ். என் அப்பா ஆழியாறு போய் மனவளக்கலை கற்றவர், அதனால் தியானத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

ஜெர்மனியில் லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் டானியா சிங்கர் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். மூன்று வகைப் பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று மாதம். ஒன்று மூச்சையும் உடம்பையும் கவனிப்பது, அடுத்தது பரிவை வளர்ப்பது, மூன்றாவது பிறர் எப்படி யோசிக்கிறார் என்று பார்ப்பது. அப்புறம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் பேச வைத்து, மனக்கணக்குப் போட வைத்து, எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. எந்தப் பயிற்சி எடுத்தவர்களும் டென்ஷன் குறைந்ததாகவே சொன்னார்கள். ஆனால் கார்டிசால் ஏற்றம் குறைந்தது பரிவையும், பிறர் எப்படி யோசிக்கிறார் என்று பார்ப்பதையும் பழகியவர்களுக்குத்தான், 51 சதவீதம் வரை. மூச்சை மட்டும் கவனித்தவர்களுக்கு அது குறையவில்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயம் இல்லை. பல மாத அளவைக் காட்டும் தலைமுடியில் பார்த்தபோது, ஆறு மாதத்தில் எல்லாப் பயிற்சியிலும் கார்டிசால் சுமார் 25 சதவீதம் இறங்கியிருந்தது. அது 2021-இல் வெளிவந்தது.

அந்த ஆய்வில் என்னைப் பிடித்துக்கொண்டது ஜோடிப் பயிற்சி. தினம் பத்து நிமிடம் இருவர் போனில் பேச வேண்டும். ஒருவர் அன்றைக்குக் கஷ்டமாக இருந்த ஒன்றையும், நன்றி தோன்றிய ஒன்றையும் சொல்வார். மற்றவர் கேட்க மட்டும் வேண்டும், ஆறுதல்கூடச் சொல்லக்கூடாது. பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

நானும் திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவும் இதை ஆரம்பித்தோம். அவள் கடையை அடைத்ததும், நான் டியூட்டிக்குக் கிளம்புமுன். அவள் மாமா வாங்கிய கடனைச் சொல்லும்போது "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்பது நாக்கு நுனி வரை வந்து நிற்கும். தாடை இறுகுவது தெரியும். அது தெரிய ஆரம்பித்ததே எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, வென்டிலேட்டரில் இருந்த பெரியவரின் மகன் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "எதை மறைக்கறீங்க சிஸ்டர்?" என்று சத்தம். கையில் கசங்கிப்போன பில். விசிட்டிங் டைம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தாடை இறுகியது, நின்று கேட்டேன். கத்தி முடித்ததும் குரல் இறங்கி, "காலைல பணம் கட்டணும், எங்க போவேன்" என்றார். டியூட்டி டாக்டரிடம் கேட்டு, கவுன் மாட்டி இரண்டு நிமிடம் உள்ளே விட்டோம். அப்பாவின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் இப்படி ஒரு சத்தம் வந்தால் விடியும் வரை எனக்கு வயிறு எரியும். அன்று ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுப் போய் நன்றாகத் தூங்கினேன்.

சர்வீஸ் ஆக ஆக வரும் பக்குவம்தான் என்று சிலர் சொல்வார்கள். என்னைவிட சீனியர்கள் இன்றும் அதே கதவருகில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மனநிலை பற்றிக் கேட்டீர்கள். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகிறது என்றது. உடற்பயிற்சி, மருந்து இவற்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காராதீர்கள்.

கார்டிசால் டெஸ்ட் எடுத்து சோதிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது காலையில் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் அடிமட்டத்தில் இருக்கும். ட்யூபில் நேரம் எழுதாத சாம்பிளை நான் அனுப்பவே மாட்டேன். ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் குழப்பம். பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள் என்பதற்காக எடுத்து, நம்பரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வீக் ஆஃப் அன்று வரச்சொல்லி மன அழுத்தப் பயிலரங்கம் நடத்தினார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றார்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேரை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பேச எங்களில் ஒருவருக்கும் வாய்ப்புத் தரவில்லை. முடிவில் ஃபீட்பேக் ஃபாரம் கொடுத்தார்கள். ஆள் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நான் அங்கிருந்து விலகும் வரை போடவில்லை.